அலுமாரி மேல் கற்கண்டு

ரிப்காவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தான் செய்த ஒன்றைக் காட்டி, 'இது நான் செய்தது' என்று வாயைத் திறந்து சொல்லமாட்டாள். மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்கள் தாமாகக் கண்டுபிடித்துப் பாராட்ட வேண்டும். இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இங்கே நடந்த கூத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பழக்கம்தான். மீதிப் பாதிக்கு இரண்டு புள்ளிகள் காரணம்.

அவள் அக்குறணைக்காரி. கண்டி யட்டிநுவர வீதியில், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன டிசைன் அலுவலகத்தில் வேலை. டியூஷன் போஸ்டர், கல்யாண மண்டபத்துப் பதாகை, மருந்துக் கடை விளம்பரம் என்று எது வந்தாலும் அங்கே முதலில் சிங்கள எழுத்தை உட்கார்ந்து வரைவார்கள். வளைப்பார்கள், நெளிப்பார்கள், அதற்கு நிழல்கூடக் கொடுப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, "தமிழையும் போட்டுடுங்க" என்று ஒரு குரல் வரும். தமிழை யாரும் வரைவதில்லை, போடுவார்கள். கணினியில் முதலில் எந்த எழுத்துரு கைக்கு அகப்படுகிறதோ அது. கறிக்கு உப்புப் போடுகிறவர்களுக்குக்கூட இதைவிடக் கவனம் இருக்கும். ரிப்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்துக் கதிரையில் இருந்த மதனிக்கும் அதே எரிச்சல்தான். அவள் யாழ்ப்பாணத்துப் பெண். அப்பா கண்டிக்கு அரசாங்க வேலையாக வந்து அப்படியே தங்கிவிட்டவர்.

மதனி எரிச்சலைத் திட்டித் தீர்த்துக்கொண்டாள். ரிப்கா வீட்டில் வார இறுதிகளில் உட்கார்ந்து சொந்தமாகத் தமிழ் எழுத்து வரையத் தொடங்கினாள். யாரும் பார்த்திராத தமிழாக அது இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். சுழி கிடையாது, வட்டம் கிடையாது, எல்லாம் நேர்கோடும் செங்கோணமும்தான். கோடுகள் எல்லாம் ஒரே தடிப்பு. எழுத்துகள் தனித்தனியாக நிற்காமல், அடியில் ஓடும் ஒரே தடித்த கோட்டில் கைகோத்து நின்றன. மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் சாய்சதுரமாக, ஒற்றை முனையில் நிற்கிற மாதிரி வைத்தாள். அந்தப் புள்ளியை வரைந்த நாளில் அவளுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் மதனி. "ஆனா வாசிக்கிற ஆக்கள் கொஞ்சம் மினக்கெட வேணும்."

"மினக்கெடட்டும். சிங்களப் போஸ்டர வாசிக்க மினக்கெடுறாங்கதானே?"

பேச்சு அப்படி வீறாப்பாக இருந்தாலும், உள்ளுக்குள் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தெருவில் போகிற யாரோ ஒருவர் நின்று, தான் வரைந்த தமிழை வாசிக்க வேண்டும்.

அதற்கு ஆள் கிடைத்தார். மாத்தளை வீதியில் மஸ்கட், தொதல் என்று இனிப்புப் பண்டங்கள் விற்கும் ஹாஷிம் நானா தன் கடையைப் புதுப்பித்து, 'கற்கண்டு' என்று புதுப்பெயர் வைக்கப் போவதாகச் சொன்னார். ரிப்கா தன் எழுத்தில் அந்தப் பெயரை எழுதிக் காட்டினாள். பெயரும் எழுத்தும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தது போல இருந்தன. ற் மேலும் ண் மேலும் இரண்டு புள்ளிகள், இரண்டு கற்கண்டுத் துண்டுகள். ஹாஷிம் நானாவுக்குப் பிடித்துவிட்டது. "முதல்ல கடதாசிப் பேக்ல அடிப்போம் தங்கச்சி. சனம் விரும்பினா, நோம்புக்கு முந்தி கட்டுகஸ்தோட்டைல தொறக்குற புதுக் கடைக்கு இதையே பெரிய போர்டா போடுவோம்," என்றார். நிறம் மட்டும் பச்சையாக இருக்கட்டும் என்றார். அது அவருடைய யோசனை என்பதைப் பிற்பாடு அவர் வசதியாக மறந்துவிட்டார்.

பையின் முகத்தில் அந்த ஒரு சொல் மட்டும், பச்சை நிறத்தில், பெரிதாக. முகவரியும் மற்ற மொழிகளும் பக்கவாட்டில் பொடி எழுத்தில் போயின. கடைக்கு வருகிறவர்களுக்குப் பெயர் தெரியாதா என்ன என்று ரிப்கா நினைத்தாள்.

அச்சான முதல் பையில் மஸ்கட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள். உம்மா கைரியாவுக்கு மகளுடைய தொழிலில் பெரிய மதிப்பு எதுவும் இருந்ததில்லை. படித்த பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போகாமல், எழுத்துக்கு வடிவம் போட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு இன்னும் விளங்காத விஷயம். ஆனால் அன்றைக்கு உம்மா மஸ்கட்டைத் தட்டுக்கு மாற்றிவிட்டு, பையைக் கையில் எடுத்து நின்று பார்த்தாள். உள்ளே ஒட்டியிருந்த துணுக்குகளைத் தட்டினாள். நெய் பட்ட இடத்தை முந்தானையால் ஒற்றினாள். மடிப்புக் கலையாமல் மடித்து, ஸ்டூலில் ஏறி, அலுமாரிக்கு மேலே, குர்ஆன் வைத்திருந்த துணிப் பொதிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ரிப்கா போனைக் கீழே வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேடயங்களைக்கூட உம்மா கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் இதை எடுத்து மேலே வைக்கிறாள் என்றால், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனசுக்குள் பெருமைதான். அடுத்த நாள் மதனியிடம் இதை இரண்டு தரம் சொன்னாள்.

பிறகு ஊரெல்லாம் அதே கதை. பஸ்ஸில் அந்தப் பையுடன் ஏறியவர்கள் யாரும் அதைக் காலடியில் வைக்கவில்லை. மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சகீனா, எதையும் மதில் மேல் தூக்கிப் போடுகிறவள், அந்தப் பையைத் தூசு தட்டிக்கொண்டு போனதை ரிப்காவே கண்டாள். "நல்ல வேலைய சனம் எப்படி மதிக்குதுண்டு பாரு," என்று மதனியிடம் சொன்னாள். கொஞ்ச நாளைக்குத் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தாள்.

ஹாஷிம் நானா ஒருநாள் அழைத்தார். "தங்கச்சி, ஒருக்கா கடைக்கு வந்துட்டுப் போங்க," என்றார். குரலில் தேன் இல்லை.

கடையின் பின்பக்கத்தில் ஓர் அரிசிச் சாக்கு நின்றது. வாய்வரை அவளுடைய பைகள். எல்லாம் துடைத்து மடித்து, இஸ்திரி போட்ட உடுப்புப் போல இருந்தன.

"பள்ளிவாசல்ல இருந்து அனுப்பி ஈக்குறாங்க," என்றார் ஹாஷிம் நானா. "குர்ஆன் ஆயத்து எழுதின பேக்கக் குப்பைல போடேலாதுண்டு சனம் கொண்டுபோய்ப் பள்ளில குடுக்குதாம். மௌலவி தலையச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்துட்டு, இது பழைய காலத்துக் கூஃபி அரபு எழுத்தாக்கும், எனக்கு வாசிக்க வருதில்லண்டு சொல்லீக்கார். அவருக்கே அப்பிடிண்டா?"

ரிப்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஹாஷிம் நானா சிரிக்கவில்லை.

"இப்ப வாற ஆக்கள், 'நானா, சும்மா பேக்ல தாங்க'ண்டு கேக்குறாங்க. இந்தப் பேக்க வீட்டுல எங்க வெக்கிற, எப்பிடிக் கழிக்கிற எண்டு அவங்களுக்குக் கரச்சல். மஸ்கட் வாங்க வந்தவங்களுக்கு நான் கடமைய ஏத்தி அனுப்புறேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பேக் போகட்டும். இத நான் கட்டுகஸ்தோட்டைல ரோட்டப் பாத்து எப்பிடிப் போர்டா மாட்டுற? எங்கட ஆக்களே அரபுண்டு நெனச்சா, மத்த ஆக்கள் என்ன நெனப்பாங்க?"

 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கடைப்பலகைகளில் இருந்த அரபு எழுத்துகளை அரசாங்கம் இறக்கச் சொன்ன காலத்தை அந்த ஊர் மறந்திருக்கவில்லை. யாராவது வந்து, இது என்ன எழுத்து என்று கேட்டால், 'தமிழ்' என்று சொல்வதை நம்பவைக்கத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதை வாசிக்க வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஊரே அதை வாசிக்கவில்லை. நோன்புக்கு முன்னால் இதற்கு வழி செய்யாவிட்டால், கணினியில் இருக்கிற சும்மா ஒரு போன்டில் பெயரைப் போட்டுக்கொள்ளப் போவதாக ஹாஷிம் நானா சொன்னார். போடப் போவதாக. அந்தச் சொல் ரிப்காவுக்குச் சுருக்கென்றது.

திரும்பி வரும்போது துணுவிலையில் வாகன நெரிசல். நின்ற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு, திடீரென்று அலுமாரி நினைவுக்கு வந்தது. குர்ஆன் பொதிக்குப் பக்கத்தில் வைத்த பை. பெருமை என்று தான் நினைத்தது. 

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. "உம்மா, அந்த பேக்க என்னத்துக்கு மேல வெச்சீங்க?"

"அதுல ஆயத்து ஈக்குதே மகள். கண்ட கண்ட எடத்துல போடேலுமா?"

"அது ஆயத்தில்ல. தமிழ். கற்கண்டுண்டு எழுதி ஈக்குது. எழுதினது நான்."

உம்மாவின் முகம் மாறியது.  "நீ சொல்லவே இல்லியே," என்றாள் மெதுவாக.

"எழுதி ஈக்குறத வாசிக்கத்தானே வேணும்? சொல்லவும் வேணுமா?"

உம்மா ஸ்டூலைப் போட்டு ஏறிப் பையை இறக்கினாள். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டாள். விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள். கோட்டின் மேல் விரல் ஓடியது, எங்கே ஓர் எழுத்து முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாமல் கடைசிவரை ஓடி, பையின் ஓரத்தில் நின்றது. மகள் சொல்லித் தந்தும் 'க' பிடிபடவில்லை.

"வடிவா ஈக்கு மகள். பொய் சொல்லல்ல. ஆனா எனக்கு வாசிக்க ஏலா."

ரிப்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். போர்டு போகப் போகிறதே என்பதற்காக அல்ல. உம்மா தன்னை நினைத்து ஒன்றை மேலே எடுத்து வைத்தாள் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாளே, அதற்காக.

ஹாஷிம் நானா அதற்குள் தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். 'எமது பையில் இருப்பது தமிழ் எழுத்து' என்று ஒரு கடதாசி மட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டார். சனம் அதை வாசித்தது, தலையாட்டியது, பிறகு சும்மா பேக்கில் தரும்படி கேட்டது. அவருக்கு ஏனென்று விளங்கவில்லை. ரிப்காவுக்கு விளங்கியது, குசினியில்.

உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ரிப்கா ஒரு கற்கண்டுப் பையை விரித்து முன்னால் வைத்து, "தோலை இதுல போடுங்க," என்றாள். உம்மாவின் கை தோலோடு பைவரை வந்தது. அங்கேயே நின்றது.

"தெரியும் மகள், கற்கண்டுதான். தெரிஞ்சும் கை வருதில்ல."

அதுதான் விஷயம். உம்மாவின் மனம் மகளை நம்பிவிட்டது. கைதான் நம்பவில்லை. கைக்கு விளக்கம் சொல்லி மட்டை தொங்கவிட முடியாது. எழுத்தையே மாற்ற வேண்டும். அன்றிலிருந்து உம்மாவின் கைதான் ரிப்காவுக்குப் பரீட்சகர். எழுத்தை மாற்றி மாற்றி வரைவாள், பழுப்புக் கடதாசியில் அச்செடுத்துப் பையாக ஒட்டுவாள், ஏதாவது தின்பண்டத்தைப் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். பிறகு பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த முறை அவளுடைய பழக்கம் உதவிக்கு வந்தது. எப்படியும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்தானே.

முதலில் பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பில் அடித்தாள். பை அலுமாரிக்கு மேலேயே போனது. பிறகு அடியில் ஓடிய கோட்டை வெட்டி, எழுத்துகளைத் தனித்தனியாக நிற்கவைத்தாள். கோட்டை வெட்டும்போது நெஞ்சில் வலித்தது, இருந்தாலும் வெட்டினாள். உம்மா அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அலுமாரிப் பக்கம் ஓர் அடி வைத்தாள், திரும்பினாள், ஃபிரிஜ்ஜின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"ஃபிரிஜ் வரைக்கும் இறங்கிட்டுதோ? பரவாயில்லையே," என்றாள் மதனி. அலுவலகத்தில் அவளுக்கு இது தொடர் நாடகம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் வந்ததும் முதல் கேள்வி, "இண்டைக்கு எங்க வச்சவ?" என்பதுதான்.

ஆனால் ஃபிரிஜ்ஜுக்குக் கீழே அது இறங்க மாட்டேன் என்றது. ரிப்கா கோட்டின் தடிப்பைக் குறைத்தாள், மூலைகளைத் தேய்த்தாள், டு-வின் வாலைக்கூட நீட்டிப் பார்த்தாள். எல்லாம் ஃபிரிஜ்ஜின் மேலேயே குவிந்தன. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஹாஷிம் நானா போர்டு அடிக்கிறவரிடம் சும்மா போன்டுக்கு விலை கேட்டுவிட்டதாகவும் காதில் விழுந்தது.

"எல்லாத்தையும் மாத்திறாய்," என்றாள் மதனி ஒருநாள். "அந்த ரெண்டு புள்ளியை மட்டும் தொடமாட்டன் எண்டு நிக்கிறாய். அந்தச் சாய்சதுரம்தானே உங்கட குர்ஆன்ல எல்லாம் வாற புள்ளி? எனக்கே அதைக் கண்டா அரபு எண்டுதான் தோணுது."

"அந்தப் புள்ளிதான் கற்கண்டு. அத எடுத்தா இதுல என்னதான் மிச்சம்?"

மதனி வாதாடவில்லை. மேசையில் ஹாஷிம் நானா கொடுத்த கற்கண்டுப் பொட்டலம் கிடந்தது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து ரிப்காவின் முன்னால் வைத்தாள். "நிப்பாட்டு பாப்பம், உன்ர புள்ளி மாதிரி."

ரிப்கா அதை ஒற்றை முனையில் நிறுத்தப் பார்த்தாள். விழுந்தது. இன்னொரு தரம் நிறுத்தினாள், விழுந்தது. விழுந்த ஒவ்வொரு தரமும் அது தன் தட்டையான பக்கத்தில் சப்பென்று உட்கார்ந்துகொண்டது. மதனி இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினாள்.

ரிப்காவுக்குக் கோபம் வந்தது, மதனியின் மேல் அல்ல. இத்தனை காலமாகக் கற்கண்டை வரைகிறேன் என்று சொல்லிக்கொண்டு, கற்கண்டு எப்படி உட்காரும் என்று ஒருநாள்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். சாய்ந்து நின்ற இரண்டு புள்ளிகளையும் திருப்பி, நேர்ச் சதுரமாக உட்கார வைத்தாள். கணினியில் அது ஒரு சொடுக்கு வேலை. முன்பு மிதந்துகொண்டிருந்த சொல் திரையில் இப்போது நிலத்தில் கால் ஊன்றி நின்றது. அவளுக்கு அது முந்தியதைவிடப் பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கும் பை ஒட்டி, தொதல் போட்டு, மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது தொதல் தட்டில் இருந்தது. அலுமாரி மேலே பார்த்தாள், புதிதாக ஒன்றும் இல்லை. ஃபிரிஜ் மேலே பழைய குவியல்தான். குசினிக்குள் மீன் வாடை அடித்தது. மீன் வெட்டிய பலகை கழுவி நிமிர்த்தி வைத்திருந்தது. உம்மாவைக் காணவில்லை.

பின்வாசல் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. ரிப்கா கதவோரம் நின்றாள்.

உம்மா மதிலுக்கு இந்தப் பக்கமும் சகீனா அந்தப் பக்கமும் நின்றார்கள். சகீனாவிடம் மூன்று பூனைகள். இந்த வீட்டில் மீன் வெட்டினால் தலைகள் அங்கேதான் போகும். உம்மா மீன் தலைகள் போட்ட பையை மதிலுக்கு மேலால் நீட்டினாள். சகீனா அதை வாங்கி, பையின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"கற்கண்டு," என்று வாசித்தாள். "ஹாஷிம் நானாட கடை பேக்கா? மீன் தலைக்கு நல்ல பேர்தான் போங்க."

"தடிப்பமான பேக், ஒழுகாது," என்றாள் உம்மா. பிறகு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னாள். "அந்த எழுத்து எங்கட ரிப்காட. எங்கட மகள் வரஞ்சது."

"ஆ, அப்பிடியா?" என்று சகீனா இன்னொரு தரம் பார்த்தாள். தலைகளைப் பூனைகளுக்குக் கொட்டினாள். பையைக் கசக்கிச் சுருட்டி, மதிலோரக் குப்பை வாளிக்குள் எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

ரிப்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன; இரண்டையும் அடக்க அவள் முயலவில்லை. உம்மா திரும்பி வரும்போது அவளைக் கண்டு, "என்ன மகள், குளிச்ச தலையத் துவட்டாம நிக்கிற?" என்றாள். ரிப்கா உம்மாவுக்கு வழிவிட்டு, போனை எடுத்து ஹாஷிம் நானாவை அழைத்தாள்.

"நானா, போர்ட அடிக்கச் சொல்லுங்க," என்றாள். "வாசிக்கிறாங்க."